போறணை ஒன்று, வீடு ஆறு
பாண் சுடுதலும் பகிர்ந்து உண்ணுதலும் பற்றிய ஒரு பாடம்



இம்முறை பாடம் பாணைப் பற்றியது. "பாணைப் பத்திப் படிக்க என்ன இருக்கு? கடையில காசக் குடுத்தா பாணத் தர்றாங்க" என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதுதான். ஆனால் பாண் எப்படிச் சுடப்படுகிறது, அந்த மா எங்கிருந்து வருகிறது, ஒரு வீட்டில் சுட்டதை எத்தனை பேர் எந்த ஒழுங்கில் சாப்பிடுகிறார்கள் என்று பார்த்தால், நமது காசு, நமது உடம்பு, நமது ஒற்றுமை மூன்றும் அதற்குள் இருப்பது தெரியும்.

இந்தப் பாடத்தின் நோக்கம் இரண்டு. முதலாவது, வீட்டில் நல்ல பாண் சுடும் முறையைத் தெரிந்துகொள்வது. இரண்டாவது, ஒரே நெருப்பில் பல வீட்டுக்குச் சுட்டு, சுட்டவரும் உட்கார்ந்து சாப்பிடும்படி பகிர்ந்து உண்பது.

ஒரே வீதியின் இரண்டு முனைகள்

நமது மலைநாட்டுக்குள் ஓடும் ஏ5 வீதியை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். பேராதனையில் தொடங்கி, கம்பளை, புசல்லாவை, இறம்பொடை, நுவரெலியா, வெலிமடை, பதுளை என்று ஏறி இறங்கி, பசறை, லுணுகலை, பிபிலை வழியாகக் கிழக்கே போகும். மகா ஓயாவையும் புல்லுமலையையும் கடந்தால் கரடியனாறு. அதையும் தாண்டினால் செங்கலடிச் சந்தி. வீதி அங்கே முடிகிறது. தேயிலை மலையில் ஏறிய அதே வீதியே மட்டக்களப்பின் வயலில் போய் இறங்குகிறது.

கரடியனாறு ஏறாவூர்ப்பற்றுப் பிரிவில் உள்ள ஊர். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, சூரியன் படுகிற பக்கமாக இருப்பதால் அந்தப் பகுதியைப் 'படுவான்கரை' என்பார்கள். வாவிக்குக் கிழக்கே கடலோரம் 'எழுவான்கரை'. கரடியனாற்றைச் சுற்றி நெல் வயல், சேனைப் பயிர், மாடு வளர்ப்பு. அருகே உறுகாமம் குளமும் உன்னிச்சைக் குளமும் உண்டு. 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களுக்குப் பின் மலைநாட்டை விட்டுப் போன நமது மக்களில் ஒரு பகுதியினர் மட்டக்களப்பு மாவட்டத்திலும் குடியேறினார்கள். ஆகவே அந்த ஊர்ப் பழக்கங்கள் நமக்கு முழுக்க அந்நியமானவை அல்ல.

அங்கே முக்கிய உணவு சோறு. இங்கே ரொட்டி. இரண்டு இடத்திலும் பொதுவாக இருப்பது பாண். அதனால்தான் அந்த ஊரையும் நமது லயத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இந்தப் பாடத்தைப் படிக்கிறோம்.

பாண் என்ற சொல்

'பாண்' தமிழ்ச் சொல் அல்ல. போர்த்துக்கேயர் 1505இல் இலங்கைக்கு வந்தார்கள். மட்டக்களப்பில் 1628இல் கோட்டை கட்டினார்கள். 1638இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்துக்கொண்டார்கள். கோட்டை கைமாறினாலும் சொற்கள் தங்கிவிட்டன. பாண், பாண் சுடும் 'போறணை', சமைக்கும் 'குசினி' எல்லாம் போர்த்துக்கேயர் விட்டுப்போனவை. நீங்கள் குடியிருக்கும் லயத்துக் 'காம்பரா'வும் அவர்கள் சொல்தான். மட்டக்களப்பு நகரில் போர்த்துக்கேய மொழியின் சிதைந்த ஒரு வடிவத்தைப் பேசும் பறங்கியர் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன.

இன்னொரு சொல்லையும் கவனியுங்கள். லத்தீன் மொழியில் 'பானிஸ்' என்றால் பாண். 'கும்' என்றால் கூட. இரண்டும் சேர்ந்த சொல்லிலிருந்துதான் பல ஐரோப்பிய மொழிகளில் 'கூட்டாளி' என்பதற்கான சொல் பிறந்தது. ஒரே பாணைச் சேர்ந்து சாப்பிடுகிறவனே கூட்டாளி என்பது அதன் பொருள்.

கடையில் "ஒரு றாத்தல் பாண் குடுங்க" என்று கேட்கிறோமே, அதற்கும் காரணம் உண்டு. றாத்தல் என்பது பழைய ஆங்கிலேய நிறை. ஏறக்குறைய 453 கிராம். நாடு கிலோ கணக்குக்கு மாறிய பிறகும் பாணின் நிறை 450 கிராம், அரை றாத்தல் 225 கிராம் என்று அதை ஒட்டியே வைக்கப்பட்டது. நிறை குறைந்த பாணை விற்பது சட்டப்படி குற்றம். சந்தேகம் இருந்தால் தராசில் போட்டுக் காட்டச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

மா வந்த வழி

இலங்கையில் கோதுமை விளைவதில்லை. நமது ரொட்டியும் பாணும் கப்பலில் வரும் தானியத்தை நம்பியே இருக்கின்றன. இது எப்படி வந்தது என்று பார்ப்போம்.

இரண்டாம் உலக யுத்தத்தில், 1942இல், ஜப்பானியர் பர்மாவைப் பிடித்தார்கள். அதுவரை இலங்கைக்கு அரிசி பெரும்பாலும் பர்மாவிலிருந்தே வந்தது. அது நின்றுபோகவே, அரிசிக்குப் பதிலாகக் கோதுமை மாவைப் பங்கீட்டில் கொடுத்தார்கள். யுத்தம் முடிந்தும் மா போகவில்லை. தோட்டங்களில் அரிசியும் மாவும் கடனாகக் கொடுத்துச் சம்பளத்தில் பிடிக்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்ததால், காலையில் மலைக்குப் போகுமுன் சுடும் ரொட்டியே நமது உணவாகிவிட்டது.

1973, 1974ஆம் ஆண்டுகளில் உலகச் சந்தையில் எண்ணெய், கோதுமை விலைகள் ஏறின. பங்கீடு வெட்டப்பட்டது. நாடெங்கும் விடியுமுன்பே பாண் வரிசை நின்றது. தோட்டங்களில் நிலைமை இன்னும் மோசம்; பட்டினியால் நமது மக்கள் செத்தார்கள். அந்தக் காலத்தைப் பார்த்த பெரியவர்கள் உங்கள் லயத்தில் இருந்தால், அவர்கள் வாயால் அதைக் கேட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

1980இல் திருகோணமலை சீனன்குடாவில் பிறீமா நிறுவனத்தின் பெரிய மா ஆலை இயங்கத் தொடங்கியது. அதன்பின் கோதுமையைத் தானியமாக இறக்கி இங்கேயே அரைத்தார்கள். ஆனாலும் தானியம் வெளிநாட்டுத் தானியமே. 2022இல் நாட்டில் டொலர் இல்லாமல் போனது. ரூபாவின் மதிப்பு விழுந்தது. அதே ஆண்டில் உக்ரேன் யுத்தமும் தொடங்கியது. சில மாதங்களுக்குள் பாண் விலை இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. எங்கோ நடந்த சண்டைக்கும் நமது காலைச் சாப்பாட்டுக்கும் இருந்த தொடர்பை அப்போது எல்லோரும் கண்டோம்.

இதைப் படித்துவிட்டு மாவே வேண்டாம் என்று சொல்ல முடியாது. மாவை வீணாக்காமல், கொஞ்சம் உள்ளூர்த் தானியம் கலந்து, விறகையும் உழைப்பையும் பங்கு போட்டுச் சுடுவது நமது கையில் இருக்கிறது.

போறணை எப்படி வேலை செய்கிறது?

அடுப்பில் சோறு வேகும்போது நெருப்பு கீழேயும் சட்டி மேலேயும் இருக்கும். நெருப்பை இழுத்தால் வேகுவது நின்றுவிடும். விறகுப் போறணை அப்படியில்லை. செங்கல்லும் களிமண்ணும் கொண்டு கூடுபோலக் கட்டிய அந்தப் போறணைக்கு உள்ளேயே விறகை அடுக்கி இரண்டு மூன்று மணித்தியாலம் எரிப்பார்கள். கல் சூட்டைக் குடித்துக்கொள்ளும். பிறகு தணலை வெளியே இழுத்து, ஈரச் சாக்கால் தரையைத் துடைத்து, கதவைக் கொஞ்ச நேரம் மூடி வைப்பார்கள். சூடு எல்லாப் பக்கமும் சமமானதும் நீண்ட கட்டைப் பலகையில் மாவை வைத்து உள்ளே தள்ளுவார்கள். பாணைச் சுடுவது நெருப்பு அல்ல, கல்லில் இருக்கும் சூடு.

சூடு சரியா என்று பார்க்கப் பழைய பேக்கரிக்காரர் தரையில் ஒரு சிட்டிகை மாவைத் தூவுவார்கள். உடனே கருகினால் சூடு அதிகம். மெல்லப் பொன்னிறமானால் சரி. முதலில் ரோஸ் பாண், அச்சுப் பாண். சூடு தணியத் தணிய பணிஸ். கடைசிச் சூட்டில் விசுக்கோத்து. ஒருமுறை எரித்த விறகில் பல தட்டு வேகும்.

இதில்தான் நமக்கான பாடம் இருக்கிறது. போறணையைச் சூடாக்க வேண்டிய விறகு, ஒரு பாணுக்கும் இருபது பாணுக்கும் கிட்டத்தட்ட ஒன்றேதான். ஒரு வீடு தனியாகச் சுட்டால் நட்டம். ஆறு வீடு சேர்ந்து சுட்டால் இலாபம். மொரோக்கோ நாட்டில் பழைய நகரங்களில் தெருவுக்கு ஒரு பொதுப் போறணை இருக்கும். வீட்டில் பிசைந்த மாவைப் பலகையில் வைத்துப் பிள்ளைகள் கொண்டுபோய்க் கொடுத்து, வெந்த பாணை வாங்கி வருவார்கள். எது யாருடைய பாண் என்று தெரிய அடையாளமும் போடுவார்கள்.

மா பொங்குவது எப்படி?

கோதுமை மாவில் தண்ணீர் ஊற்றிப் பிசைந்தால் ரப்பர் போல இழுபடும் ஒரு பசை உண்டாகும். ஈஸ்ட் என்பது கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர். அது மாவில் உள்ள இனிப்பைத் தின்று காற்றை வெளிவிடும். அந்தக் காற்றைப் பசை பலூன் போலப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் மா பொங்குகிறது. அரிசி மாவிலும் குரக்கன் மாவிலும் இந்தப் பசை கிடையாது. ஆகவே அவற்றை மட்டும் கொண்டு பாண் சுட முடியாது, கலக்கத்தான் முடியும்.

ஈஸ்டுக்குச் சூடு பிடிக்கும். மட்டக்களப்பில் சராசரி வெப்பநிலை 27, 28 பாகை. அங்கே பிசைந்த மா ஒரு மணித்தியாலத்தில் பொங்கிவிடும். நுவரெலியாவில் சராசரி 16 பாகை அளவு. அங்கே அதே மாவுக்கு இரண்டு மூன்று மணித்தியாலம் வேண்டும். "மா பொங்கல, ஈஸ்ட் பழுது" என்று மலைப் பக்கத்தில் பலர் வீசிவிடுகிறார்கள். பழுதில்லை, குளிர்தான். அடுப்புப் பக்கத்தில் ஈரத் துணியால் மூடி வைத்துப் பொறுத்திருங்கள். ஆனால் கொதி தண்ணீர் ஊற்றக்கூடாது; ஈஸ்ட் செத்துவிடும். கைக்கு இளஞ்சூடாக இருந்தால் போதும்.

பாக்கெட் ஈஸ்ட் வருமுன் இங்கே கள்ளை ஊற்றிப் புளிக்க வைத்தார்கள். அப்பத்துக்கு இன்றும் சிலர் அப்படிச் செய்கிறார்கள். இன்னொரு வழி, பிசைந்த மாவில் ஒரு கைப்பிடியை எடுத்து வைத்து, அடுத்த முறை புது மாவோடு சேர்ப்பது. இது தயிருக்கு உறை வைப்பது போலத்தான். மட்டக்களப்பு எருமைத் தயிர் பெயர் போனது. ஒரு வீட்டில் உறை இல்லாவிட்டால் பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி வாங்குவார்கள். அதற்கு யாரும் விலை கேட்பதில்லை. ஏனென்றால் கொடுத்தவருக்குக் குறைவதில்லை, வாங்கியவருக்குச் சட்டி நிறையத் தயிர் கிடைக்கிறது. புளித்த மாவையும் அப்படியே லயத்துக்குள் கொடுத்து வாங்கலாம்.

செய்முறை: மூன்று றாத்தல் பாண்

தேவையானவை: கோதுமை மா 1 கிலோ (அல்லது கோதுமை மா 800 கிராம், குரக்கன் மா 200 கிராம்), இளஞ்சூட்டுத் தண்ணீர் 600 மில்லிலீற்றர் அளவு, உலர்ந்த ஈஸ்ட் 10 கிராம், உப்பு 18 கிராம் அளவு (மட்டமாக மூன்று தேக்கரண்டி), சீனி ஒன்றரை மேசைக்கரண்டி, தேங்காய் எண்ணெய் அல்லது மாஜரின் ஒரு மேசைக்கரண்டி.

1. அரைக் கிளாஸ் இளஞ்சூட்டுத் தண்ணீரில் சீனியையும் ஈஸ்டையும் கலந்து 10 நிமிடம் வையுங்கள். நுரை வந்தால் ஈஸ்ட் நல்லது. நுரையே வராவிட்டால் அந்த ஈஸ்டைப் போடாதீர்கள், மாவும் வீணாகும்.

2. மாவில் உப்பைக் கலந்து, நடுவில் குழி செய்து, ஈஸ்ட் தண்ணீரையும் மீதித் தண்ணீரையும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிப் பிசையுங்கள். ரொட்டி மாவைவிட இளக்கமாக இருக்க வேண்டும். குரக்கன் சேர்த்தால் தண்ணீர் கொஞ்சம் கூடப் பிடிக்கும்.

3. எண்ணெய் சேர்த்து 10 முதல் 15 நிமிடம் உள்ளங்கையால் தள்ளித் தள்ளி மடித்துப் பிசையுங்கள். ஒரு துண்டை இரண்டு கையாலும் மெல்ல விரித்தால் கிழியாமல் இழுபட வேண்டும். இதற்குக் கைப் பலம் வேண்டும். ஆம்பளை ஆட்களும் பிசையலாம். பேக்கரியில் பிசைகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள்தானே!

4. ஈரத் துணியால் மூடி, இரண்டு மடங்காகும்வரை வையுங்கள். மணிக்கூட்டைப் பார்க்காமல் மாவைப் பாருங்கள்.

5. அமுக்கிக் காற்றை எடுத்து, மூன்றாகப் பிரித்து உருட்டி, எண்ணெய் பூசிய தகரத்தில் வையுங்கள். மறுபடி பொங்க விடுங்கள்.

6. போறணை இருந்தால் 220 பாகை அளவு சூட்டில் 30 முதல் 35 நிமிடம். இல்லாவிட்டால் சட்டியே போறணை. பெரிய கனமான சட்டியில் ஓரங்குல உயரம் மணல் பரப்பி, மூன்று சின்னக் கல் வைத்து, மூடி, 15 நிமிடம் சூடாக்குங்கள். பிறகு மாத் தகரத்தைக் கல்லின் மேல் வைத்து, தட்டையான தகர மூடியால் மூடி, மூடியின் மேல் தணலைப் பரப்புங்கள். கீழே தணல் குறைவாகவும் மேலே கூடுதலாகவும் இருக்க வேண்டும். 40 நிமிடம் அளவில் வேகும்.

7. பாணைக் கவிழ்த்து அடியில் விரலால் தட்டுங்கள். வெற்றுப் பெட்டியைத் தட்டுவது போலச் சத்தம் வந்தால் வெந்துவிட்டது. உடனே வெட்டாதீர்கள். அரை மணி நேரமாவது ஆறவிட்டால்தான் உள்ளே பசைபோல ஒட்டாது.

கவனம்: தணலைப் பூட்டிய காம்பராவுக்குள் வைக்கக்கூடாது. தணலிலிருந்து வரும் நச்சுக் காற்றுக்கு மணம் இல்லை, ஆளைக் கொன்றுவிடும். வெளியே, லயத்துக் கூரைக்குத் தள்ளி வைத்துச் சுடுங்கள். ஒரு வாளி தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும். லயம் பற்றினால் ஒரு வீட்டோடு நிற்காது.

பகிர்ந்து உண்ணும் வழக்கங்கள்

பாண் சுட்டாகிவிட்டது. அதை எப்படிச் சாப்பிடுவது என்பது பாடத்தின் அடுத்த பகுதி.

மட்டக்களப்புப் பக்கத்தில் கண்ணகி அம்மன் கோயில்களில் வைகாசி மாதம் சடங்கு நடக்கும். குளிர்த்தியின்போது ஊரே கூடும். பொங்கிய புக்கை அங்கு வந்த எல்லோருக்கும் போகும். அது ஒருவர் வீட்டுச் சட்டியில் பொங்கியதல்ல. பலர் கொடுத்த அரிசியும் தேங்காயும் ஒரே பானையில் கலந்துவிடுகின்றன.

ஏறாவூர், காத்தான்குடி போன்ற ஊர்களில் முஸ்லிம் மக்களின் விருந்தில் 'சஹன்' என்ற பெரிய தட்டில் சோறு வரும். ஐந்தாறு பேர் அதைச் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். அந்தத் தட்டில் பணக்காரனுக்கு ஒரு பங்கு, ஏழைக்கு ஒரு பங்கு என்று கிடையாது. றம்ழான் மாதத்தில் பள்ளிவாசலில் காய்ச்சும் நோன்புக் கஞ்சி அயலில் உள்ள தமிழ் வீடுகளுக்கும் போவதுண்டு. கிழக்கில் இரண்டு சமூகத்துக்கும் இடையே இரத்தம் சிந்திய ஆண்டுகள் இருந்தன. அதற்குப் பிறகும் கஞ்சிச் சட்டி கைமாறுகிறது என்பதைக் குறைவாக எடைபோட முடியாது.

வெள்ளம், புயல், இடப்பெயர்வு என்று வந்தால் முதலில் தேடுவது பாணை. அதைச் சாப்பிட அடுப்பு வேண்டாம், சட்டி வேண்டாம்; கையால் பிய்த்துக் கொடுக்கலாம். 1978 நவம்பர் சூறாவளி, 2004 டிசெம்பர் 26 கடல்கோள், 2011 ஜனவரி வெள்ளம் என்று மட்டக்களப்பு பலமுறை வீடிழந்து கூடி நின்ற மாவட்டம். ஒரு றாத்தலை நான்காகப் பிய்ப்பது எப்படி என்று அங்கே யாருக்கும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

உலகத்தில் வேறு இடங்களிலும் இந்தப் பழக்கம் உண்டு. குருநானக் (1469–1539) தொடங்கிய சீக்கிய மார்க்கத்தில் 'லங்கர்' என்ற பொதுச் சமையல் இருக்கிறது. அமிர்தசரஸ் பொற்கோயிலில் நாள்தோறும் பல்லாயிரம் பேர் தரையில் வரிசையாக உட்கார்ந்து ரொட்டியும் பருப்பும் சாப்பிடுகிறார்கள். மாப் பிசைவது, ரொட்டி சுடுவது, கோப்பை கழுவுவது எல்லாம் தொண்டர்கள். இன்று பரிமாறியவர் நாளை பந்தியில் உட்காருவார். ஈரான், துருக்கி, அசர்பைஜான், கசகஸ்தான், கிர்கிஸ்தான் ஆகிய 5 நாடுகளில் தட்டை ரொட்டியைச் சேர்ந்து சுட்டுப் பகிரும் வழக்கத்தை 2016இல் யுனெஸ்கோ மனித குலத்தின் பண்பாட்டுச் சொத்தாகப் பதிவு செய்தது. ரொட்டியை மட்டும் அல்ல, சேர்ந்து சுடுவதையும் பகிர்வதையும் சேர்த்தே பதிந்தார்கள் என்பதைக் கவனியுங்கள்.

சுட்டவர் எப்போது சாப்பிடுகிறார்?

இனி நமது வீட்டுக்குள் வருவோம். ஒரு லயத்தில் இரண்டு பெண்கள் பேசிக்கொள்வதாக வைத்துக்கொள்வோம்.

"ஏன் தங்கச்சி, முகமெல்லாம் வெளுத்துக் கிடக்கு? காலைல சாப்டியா?"

"எங்கக்கா! அவருக்கு நாலு ரொட்டி கட்டிக் குடுத்தேன். புள்ளைங்களுக்கு ஸ்கூலுக்கு ரெண்டு ரெண்டு. மாமிக்கு ஒன்னு. சட்டியில ஒட்டுனதத் தின்னுட்டு ஒரு கிளாஸ் சாயத்தண்ணி குடிச்சிட்டு ஓடியாந்துட்டேன். லேட்டானா பிரட்டுல அரைப்பேருதான்."

"மலையேறுறது நீ. இருவது கிலோ சுமக்குறதும் நீ. ஒட்டுனது மட்டும் ஒனக்கா?"

இந்தப் பேச்சு பல லயங்களில் கேட்கும் பேச்சு. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை, வழக்கமாகிவிட்டது. ஆனால் இதன் பலன் பெண்ணின் இரத்தத்தில் தெரிகிறது. இரத்தச் சோகை இருந்தால் மூச்சு வாங்கும், தலை சுற்றும், மலையில் கால் தடுமாறும். கர்ப்பிணிப் பெண்ணுக்கு இரத்தச் சோகை இருந்தால் பிள்ளை நிறை குறைந்து பிறக்கக்கூடும்.

இங்கே சாயத்தண்ணியைப் பற்றியும் சொல்ல வேண்டும். தேயிலை நமது தொழில். ஆனால் சாப்பாட்டோடு சேர்த்துத் தேத்தண்ணி குடித்தால், உணவில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேருவதைத் தேயிலையில் உள்ள துவர்ப்புச் சத்து தடுக்கிறது. சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடிப்பது நல்லது. வெறும் பாணும் சாயத்தண்ணியும் வயிற்றை நிரப்பும், இரத்தத்தை நிரப்பாது. பாணோடு பருப்பு, கௌபி, கீரைச் சுண்டல், நெத்தலிக் கருவாடு ஏதாவது ஒன்று இருக்கட்டும். தேசிக்காய் பிழிந்த சம்பல் இரும்புச்சத்தைச் சேர்த்துக்கொள்ள உதவும். சீனி வருத்தம் உள்ளவர்கள் வெள்ளைப் பாணைக் குறைத்து, பருப்பையும் மரக்கறியையும் கூட்ட வேண்டும். குரக்கனில் சுண்ணாம்புச் சத்து அதிகம் என்பதால் பிள்ளைகளுக்கும் நல்லது.

ஆகவே ஒரு சட்டம் போட்டுக்கொள்வோம். பாணை வெட்டும்போதே வீட்டில் எத்தனை பேரோ அத்தனை துண்டாக வெட்டுங்கள். சுட்டவருடைய பங்கை முதலில் எடுத்து வையுங்கள். மிஞ்சினால் சாப்பிடுவது என்ற பேச்சே வேண்டாம். சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டால் யாருடைய தட்டு காலி என்பது எல்லோர் கண்ணுக்கும் தெரியும். தனித்தனியாகச் சாப்பிடும் வீட்டில் அது தெரிவதில்லை.

ஆறு வீடு சேர்ந்தால்

ஒரு கணக்குப் பார்ப்போம். ஆறு வீடு. வீட்டுக்கு அரைக் கிலோ மா. மொத்தம் 3 கிலோ. ஒரு கிலோவில் மூன்று றாத்தல் பாண் வரும் என்றால் 9 றாத்தல். வீட்டுக்கு ஒன்றரை றாத்தல். உங்கள் கடையில் அரைக் கிலோ மாவின் விலையையும், ஒன்றரை றாத்தல் பாணின் விலையையும் நீங்களே எழுதிக் கழித்துப் பாருங்கள். ஈஸ்டுக்கும் எண்ணெய்க்கும் ஆகும் செலவை ஆறாகப் பிரியுங்கள்.

வேலையையும் பிரியுங்கள். இரண்டு பேர் பிசையட்டும். ஒருவர் விறகு, ஒருவர் நெருப்பு. ஒருவர் பருப்பும் சம்பலும். ஒருவர் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளட்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேலை மாறட்டும். எப்போதும் ஒரே அக்காவே நெருப்புக்கு முன்னால் நின்றால் அது கூட்டு வேலை ஆகாது. யார் எவ்வளவு மா கொடுத்தார் என்பதை ஒரு கொப்பியில் எழுதுங்கள். கணக்கு நேராக இருந்தால்தான் உறவு நீடிக்கும்.

முதலில் சட்டியில் சுட்டுப் பழகுங்கள். கை பழகியதும் மாதர் சங்கத்தில் பேசி, தோட்ட நிர்வாகத்திடம் இடம் கேட்டு, செங்கல்லும் களிமண்ணும் கொண்டு ஒரு சின்னப் பொதுப் போறணை கட்டலாம். சூடு படும் உட்பக்கத்தில் சீமெந்து பூச வேண்டாம், வெடித்துவிடும். அதற்குக் களிமண்ணே நல்லது. மழை படாமல் ஒரு கூரை வேண்டும். பாண் வெந்து முடிந்த பிறகு மிஞ்சும் சூட்டில் மிளகாயைக் காயவைக்கலாம், பணிஸ் சுட்டுப் பிள்ளை மடுவத்துக்குக் கொடுக்கலாம்.

பின்னேரம் இசை போட்டுக்கொண்டு வரும் சூன் பாண் ஓட்டோவை நிறுத்த வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. அவரும் உழைத்துச் சாப்பிடுகிறவர். கிழமைக்கு ஒரு நாளாவது நமது கையால் பிசைந்து, நமது நெருப்பில் சுட்டு, ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பதே சொல்ல வந்தது. பங்கீட்டு மாவாகவும் கடன் மாவாகவும் நமது கைக்கு வந்த மா, அன்றைக்காவது நாமே பங்கிடும் மாவாக இருக்கட்டும்.

கூடிப் பேசுவதற்கான கேள்விகள்

1. உங்கள் லயத்தில் ஒரு கிழமைக்கு எத்தனை றாத்தல் பாண் வாங்கப்படுகிறது? அதற்கு எவ்வளவு காசு போகிறது?

2. உங்கள் வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவர் யார்? அவருக்கு என்ன மிஞ்சுகிறது?

3. 1973, 1974ஆம் ஆண்டுகளின் பஞ்சத்தைப் பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு என்ன ஞாபகம்?

4. உங்கள் மலையில் மா பொங்க எத்தனை மணித்தியாலம் ஆகிறது? சுட்டுப் பார்த்துக் குறித்து வையுங்கள்.

5. ஆறு வீடு சேர்ந்து சுடுவதற்கு உங்கள் லயத்தில் தடையாக இருப்பது எது? அதைத் தீர்க்க முதலில் யாரிடம் பேச வேண்டும்?

வாசிக்கத் தெரிந்தவர்கள் இந்தப் பாடத்தை மற்றவர்களுக்கு உரக்க வாசித்துக் காட்டுங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு கிலோ மாவோடு தொடங்கிப் பாருங்கள்.